பட்டாம்பூச்சி சிறகடித்தால் புயல் வருமா?

"தசாவதாரம்" படம் சொன்ன விஞ்ஞானமும், அரூரில் கொட்டிய மழையும்

அரூர் கடற்கரை ஊர் அல்ல. தருமபுரி மாவட்டத்தில், ஒரு பக்கம் சித்தேரி மலை, மறுபக்கம் தீர்த்தமலை என்று மலைகள் சூழ்ந்த ஊர். புதுச்சேரிக் கடற்கரைக்கும் அரூருக்கும் சுமார் 150 கிலோ மீட்டர் தூரம். வங்கக் கடலில் புயல் என்று செய்தி வந்தால், கடலூர்க்காரர்களும் நாகப்பட்டினத்துக்காரர்களும் கவலைப்படுவார்கள். அரூர்க்காரர்கள், "நமக்கு நாலு தூறல் கிடைத்தால் சரி" என்று இருந்துவிடுவார்கள்.

ஆனால் 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் நடந்ததே வேறு.

நவம்பர் 30-ந் தேதி இரவு "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்த புயல் மேலே நகர்ந்து போக வேண்டும் அல்லவா? அது நகரவில்லை. மறுநாள் பல மணி நேரம் புதுச்சேரி பக்கத்திலேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டி மீட்டர் மழை. பிறகு, வலுவிழந்த அந்தப் புயல் மெல்ல மேற்கே திரும்பியது. டிசம்பர் 2-ந் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டி மீட்டர் மழை. பக்கத்தில் உள்ள அரூரில் 33 சென்டி மீட்டர்!

தருமபுரி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் சேர்ந்து பெய்கிற மழையே சுமார் 90 சென்டி மீட்டர்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. மஞ்சளும் மரவள்ளியும் கரும்பும் விளைகிற பூமி இது. மஞ்சளும் மரவள்ளியும் மண்ணுக்குள் விளைபவை. வயலில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆண்டு முழுவதும் பட்ட பாடு வீணாகும்.

தென்பெண்ணை ஆறு பொங்கியது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் தவித்தன.

"இதை முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

வானிலை நிலையம் பல நாட்களாகவே எச்சரித்து வந்தது. ஆனால் புயலின் போக்குதான் பிடிபடவில்லை. "புயலாக மாறும்" என்றார்கள், தாமதமாயிற்று. "புயலாக மாறாமலே கரையைக் கடக்கும்" என்றார்கள். நவம்பர் 29-ந் தேதி பிற்பகலில் அது புயலாக மாறியது. வானத்தில் செயற்கைக் கோள் இருக்கிறது. கரையில் ராடார் இருக்கிறது. ராட்சசக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அப்படியும் ஏன் இந்தத் தடுமாற்றம்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் விஞ்ஞானத்தின் பெயர் "கேயாஸ் தியரி". ஒழுங்கின்மைக் கோட்பாடு என்று தமிழில் சொல்லலாம். இந்தப் பெயரைத் தமிழ்நாட்டு மக்களில் பெரும்பாலோர் முதன் முதலாகக் கேட்டது பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ அல்ல. சினிமாக் கொட்டகையில்!

பத்து வேடம், ஒரே நடிகர்

2008-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி "தசாவதாரம்" படம் வெளிவந்தது. கதை, திரைக்கதை, வசனம் கமல்ஹாசன். டைரக்‌ஷன் கே.எஸ்.ரவிகுமார். தயாரிப்பு ஆஸ்கார் ரவிச்சந்திரன். ஒளிப்பதிவு ரவிவர்மன். கமல்ஹாசனுடன் அசின் இரட்டை வேடத்தில் நடித்தார். பாடல் வெளியீட்டு விழாவுக்கு ஹாங்காங் நடிகர் ஜாக்கி சான் சென்னைக்கே வந்தார்.

படத்தின் தொடக்கம் 12-ம் நூற்றாண்டு. சிதம்பரத்தில் உள்ள கோவிந்தராஜப் பெருமாள் சிலையை அகற்றும்படி இரண்டாம் குலோத்துங்க சோழன் கட்டளையிடுகிறான். ரங்கராஜ நம்பி என்ற வைணவர் தடுக்கிறார். அவரைச் சிலையோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டுவிடுகிறார்கள்.

குலோத்துங்கன் காலத்தில் அந்தச் சிலை கடலில் எறியப்பட்டது என்பது வைணவ மரபில் வழங்கும் செய்தி. ரங்கராஜ நம்பி கமல்ஹாசனின் கற்பனை.

அங்கிருந்து கதை 2004-ம் ஆண்டுக்குத் தாவுகிறது. அமெரிக்காவில் கோவிந்த் என்ற தமிழ் விஞ்ஞானி. ஊரையே அழிக்கக்கூடிய ஒரு கிருமி, சிறு குப்பிக்குள் இருக்கிறது. அது தீயவர் கையில் சிக்காமல் காப்பாற்றப் பார்க்கிறார். குப்பி தவறிப் போய்ப் பார்சலில் இந்தியாவுக்கு வந்துவிடுகிறது. ஒரு பாட்டி அதை எடுத்துப் பெருமாள் விக்கிரகத்துக்குள் போட்டுவிடுகிறாள். பிறகு ஒரே ஓட்டம்! கோவிந்தை ஒரு கொலைகாரன் துரத்த, அந்தக் கொலைகாரனை இன்னொருவன் துரத்த, கதை கடற்கரையில் போய் நிற்கிறது. அன்று 2004 டிசம்பர் 26. சுனாமி வந்த நாள்.

நம்பி, கோவிந்த், கொலைகாரன் பிளெட்சர், துப்பறியும் அதிகாரி பல்ராம் நாயுடு, கிருஷ்ணவேணிப் பாட்டி, மணல் கொள்ளையை எதிர்க்கும் வின்சென்ட் பூவராகன், பனைமரம் போல் வளர்ந்த கலிபுல்லா கான், பஞ்சாபிப் பாடகர் அவதார் சிங், ஜப்பானிய வீரர் நரஹாசி, அமெரிக்க ஜனாதிபதி புஷ் - இந்தப் பத்துப் பேரும் கமல்ஹாசன்தான்.

பத்துப் பேருக்கும் ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லை. ஆனால் ஒருவர் செய்கிற காரியம் இன்னொருவரின் வாழ்வைத் திருப்பிவிடுகிறது. உதாரணமாக, அவதார் சிங்குக்குத் தொண்டையில் புற்றுநோய். கொலைகாரன் சுட்ட குண்டு அவர் தொண்டையில் பாய்கிறது. அதிலேயே நோய்க்கட்டி போய்விடுகிறது! கொல்ல வந்த குண்டு பிழைக்க வைக்கிறது. இப்படி ஒன்றோடொன்று பின்னிய நிகழ்ச்சிகளுக்குத்தான் படம் "கேயாஸ் தியரி" என்று பெயர் சொன்னது. திரையில் ஒரு பட்டாம்பூச்சியும் பறந்தது.

ஒன்பதுக்குப் பிறகு பத்து

தமிழ் ரசிகர்களுக்குப் பல வேடம் புதிதல்ல. 1940-ம் ஆண்டு "உத்தம புத்திரன்" படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்டார். 1964-ல் ஏ.பி.நாகராஜனின் "நவராத்திரி" படத்தில் சிவாஜி கணேசன் ஒன்பது வேடங்களில் வந்தார். 1990-ல் "மைக்கேல் மதன காமராஜன்" படத்தில் கமல்ஹாசனே நான்கு பேராக வந்தார்.

ஒரே ஆள் இரண்டு பேராகத் திரையில் தெரிவது எப்படி? பழைய முறை எளிமையானது. காமிரா லென்சின் ஒரு பாதியை மறைத்து, நடிகரை மறு பாதியில் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, எடுத்த பாதியை மறைத்து, நடிகருக்கு வேறு உடை மாட்டி மறு பக்கத்தில் நிறுத்தி மீண்டும் எடுப்பார்கள். அதற்குள் காமிரா ஒரு நூலிழை அசைந்தாலும் நடுவில் கோடு விழுந்துவிடும். விளக்கின் வெளிச்சம் மாறினாலும் குட்டு வெளிப்படும். பின்னாளில் கம்ப்யூட்டர் வந்த பிறகு, தனித் தனியாக எடுத்த உருவங்களை ஒரே காட்சியில் ஒட்டுவது சுலபமாயிற்று.

"தசாவதாரம்" படத்தில் பெரிய வேலை ஒப்பனை. அதைச் செய்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த மைக்கேல் வெஸ்ட்மோர். 1985-ல் வந்த "மாஸ்க்" படத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்றவர். 1996-ல் "இந்தியன்" தாத்தாவின் முகத்தை உருவாக்கியதும் அவர்தான்.

இந்த ஒப்பனை பவுடர் பூசுகிற வேலை அல்ல. முதலில் நடிகரின் முகத்தை அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சின் மேல் களிமண்ணால் புது மூக்கு, புதுக் கன்னம், சுருக்கம் எல்லாம் வடிக்கிறார்கள். அதிலிருந்து மெல்லிய ரப்பர் போன்ற பொருளில் துண்டுகள் வார்க்கிறார்கள். அவற்றைப் பசை கொண்டு முகத்தில் ஒட்டி, ஓரம் தெரியாமல் வண்ணம் தீட்டுகிறார்கள். இதற்கே பல மணி நேரம் பிடிக்கும். ஒட்டியதைக் கழற்றினால் ஓரம் கிழிந்துவிடும். மறுநாள் படப்பிடிப்புக்குப் புதிய துண்டுகள்தான். வியர்த்தால் பசை விடும். சென்னை வெயிலில் இது எவ்வளவு சோதனை என்று சொல்ல வேண்டியதில்லை.

படம் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மெச்சவில்லை. பல்ராம் நாயுடுவும் பூவராகனும் உயிருள்ள மனிதர்களாகவே தெரிந்தார்கள். பிளெட்சரும் புஷ்ஷும் முகமூடி மாட்டியவர்கள் போல் இருந்தார்கள் என்ற குறை எழுந்தது. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ரப்பர் தடிமனானால் அதற்கு அடியில் இருக்கும் நடிகரின் முகம் பேச முடியாது. ஆனாலும் தமிழில் எடுத்த ஒரு படம், உலகத்தின் பெரிய ஒப்பனைக் கலைஞரையும், சுனாமியைக் காட்டும் கம்ப்யூட்டர் வித்தையையும், கல்லூரி விஞ்ஞானத்தையும் ஒரே மூச்சில் சேர்க்கத் துணிந்தது. அந்தத் துணிச்சலை யாரும் மறுக்கவில்லை.

காப்பி குடித்து வந்த விஞ்ஞானி

சரி, கேயாஸ் தியரி என்றால் என்ன?

1961-ம் ஆண்டு. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை விஞ்ஞானி இருந்தார். அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மேஜை அளவு பெரிது. இன்று பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கணக்குக் கருவியை விட மந்தமானது. காற்று எப்படி வீசும், வெப்பம் எப்படி மாறும் என்பதற்குச் சில கணக்குகளை அதில் ஏற்றி, பொய்யாக ஒரு வானிலையை ஓடவிட்டிருந்தார்.

ஒரு நாள், முன்பு ஓடிய கணக்கின் ஒரு பகுதியை மீண்டும் பார்க்க விரும்பினார். முதலிலிருந்து ஓட்டினால் நேரம் ஆகும். ஆகவே, காகிதத்தில் அச்சாகியிருந்த நடுவிலுள்ள எண்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். காப்பி குடிக்கப் போனார். சுமார் ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஆச்சரியம்! தொடக்கத்தில் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒன்றாகவே போயின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கடைசியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வானிலைகள் ஆகிவிட்டன.

மெஷின் பழுதா? இல்லை. கம்ப்யூட்டர் தனக்குள் 0.506127 என்று ஆறு இலக்கம் வைத்திருந்தது. காகிதத்தில் இடம் போதாமல் 0.506 என்று மூன்று இலக்கம் மட்டும் அச்சடித்திருந்தது. லாரன்ஸ் அந்த மூன்று இலக்கத்தை ஏற்றினார். விட்டுப் போனது பத்தாயிரத்தில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூட. அந்தச் சின்ன வித்தியாசம் வளர்ந்து வளர்ந்து வானிலையையே மாற்றிவிட்டது.

இந்தக் கண்டுபிடிப்பை 1963-ம் ஆண்டு அவர் கட்டுரையாக வெளியிட்டார். அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுத்தவர்கள் மார்கரெட் ஹாமில்டன், எலன் பெட்டர் என்ற இரு பெண்கள். ஹாமில்டன் பின்னாளில் மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பிய அப்பல்லோ விண்கலத்துக்குக் கம்ப்யூட்டர் கட்டளைகள் எழுதிய குழுவுக்குத் தலைமை வகித்தார்.

1972 டிசம்பர் 29-ந் தேதி லாரன்ஸ் ஒரு மாநாட்டில் பேசினார். பிரேசில் நாட்டில் ஒரு பட்டாம்பூச்சி சிறகடித்தால் அமெரிக்காவின் டெக்சாசில் சூறாவளி கிளம்புமா என்பது பேச்சின் தலைப்பு. அதற்கு முன்பு அவர் கடற்பறவையின் சிறகை உதாரணமாகச் சொல்லி வந்தார். மாநாட்டுக்குத் தலைப்பு வைத்த நண்பர் பறவையைப் பட்டாம்பூச்சி ஆக்கிவிட்டார். அந்தப் பெயரே உலகம் முழுவதும் நிலைத்தது.

லாரன்ஸ் 2008-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி, தமது 90-வது வயதில் காலமானார். இரண்டு மாதம் கூட ஆகவில்லை. தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் அவருடைய பட்டாம்பூச்சி பறந்தது.

நீங்களே போட்டுப் பார்க்கலாம்

இந்தத் தத்துவத்தைப் புரிந்துகொள்ள பென்சிலும் காகிதமும் போதும். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரட்டியுங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் ஆயிரத்தைக் கழித்துவிடுங்கள். மீதியை மறுபடி இரட்டியுங்கள். அவ்வளவுதான் விதி. ஒருவர் 231-ல் தொடங்கட்டும். மற்றவர் 232-ல் தொடங்கட்டும். வித்தியாசம் ஒன்றே ஒன்று.

முதல்வருக்கு வருவது: 462, 924, 848, 696, 392, 784, 568, 136, 272.

அடுத்தவருக்கு வருவது: 464, 928, 856, 712, 424, 848, 696, 392, 784.

முதல் மூன்று நான்கு படிகளில் இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே போகிறார்கள். ஒன்பதாவது படியில் ஒருவருக்கு 272, மற்றவருக்கு 784! விதியில் சூதாட்டம் எதுவும் இல்லை. குலுக்கல் இல்லை. ஆனாலும் தொடக்கத்தில் ஒன்று தவறினால் முடிவைச் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. தொடக்க வித்தியாசம் ஒன்றாக இல்லாமல் பத்தில் ஒன்றாக இருந்தால்? பத்து மடங்கு நுட்பமாக அளந்துவிட்டோம். பத்து மடங்கு தூரம் சரியாகப் போகலாம் என்று தோன்றும். இல்லை. மூன்று நான்கு படிகள்தான் கூடுதலாகக் கிடைக்கும். பாடுபட்டு அளவையைச் சீராக்கினாலும் லாபம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்.

வானிலையும் இப்படித்தான். காற்றின் வேகம், ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் உலகத்தின் ஒவ்வோர் அங்குலத்திலும் அளக்க முடியாது. அளந்ததிலும் சிறு பிழை இருக்கும். அந்தப் பிழை நாளுக்கு நாள் வளரும். ஆகவே, சுமார் இரண்டு வாரத்துக்கு அப்பால் இன்ன நாளில் இன்ன ஊரில் மழை என்று எந்தக் கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது என்பது விஞ்ஞானிகளின் முடிவு.

"மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். முதல் பாதிக்கு லாரன்ஸ் கணக்குப் போட்டுக் காரணம் காட்டினார்!

ஆனால் எல்லாமே இப்படி அல்ல. கிரகணம் எந்த நாள், எந்த நேரம் என்று பஞ்சாங்கம் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. அது பிசகுவதில்லை. சந்திரன் ஓட்டத்தில் சிறு பிழை, நம் காலத்துக்குள் பெரும் பிழையாக வளர்வதில்லை. எது வளரும், எது வளராது என்று பிரித்து அறிவதே இந்த விஞ்ஞானத்தின் வேலை.

படம் சொன்னதில் எது சரி, எது தவறு?

"தசாவதாரம்" பார்த்துவிட்டு வெளியே வந்த பலர், "ஓகோ, சின்னக் காரியம் பெரிய விளைவைத் தரும். அதுதான் கேயாஸ் தியரி" என்று நினைத்தார்கள். இது பாதி உண்மை.

"சிறு துளி பெருவெள்ளம்" என்கிறோமே, அது கேயாஸ் அல்ல. அங்கே துளிகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. கேயாசில் ஒரு சிறு வித்தியாசம் தானே பெருகுகிறது. கேரம் பலகையில் நடுவில் அடுக்கிய காய்களை ஸ்டிரைக்கரால் அடித்துக் கலைக்கிறோம். எத்தனை தடவை அதே இடத்தில் அடித்தாலும் காய்கள் ஒரே மாதிரி சிதறுவதில்லை. விரல் ஒரு மயிரிழை விலகினால் போதும். அதுதான் கேயாஸ்.

பட்டாம்பூச்சி புயலை "உண்டாக்குகிறது" என்றும் லாரன்ஸ் சொல்லவில்லை. சிறகடிப்பு ஒரு சூறாவளியைக் கிளப்பக் கூடுமானால், வர இருந்த சூறாவளியைத் தடுக்கவும் கூடும் என்றார். கோடிக்கணக்கான பூச்சிகள், பறவைகள், மனிதர்கள் காற்றைக் கலைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே இன்ன புயலுக்கு இன்ன பூச்சிதான் காரணம் என்று கை நீட்ட வழி இல்லை. திரைக்கதையில் நூல் பிடித்துப் பின்னால் போகலாம். குப்பியிலிருந்து பாட்டிக்கும், பாட்டியிலிருந்து விக்கிரகத்துக்கும் போகலாம். இயற்கையில் அந்த நூல் அறுந்துவிடுகிறது.

படம் சிலை கடலில் மூழ்குவதில் தொடங்கி, சுனாமி பொங்குவதில் முடிகிறது. சிலை விழுந்ததால்தான் சுனாமி வந்தது என்று சிலர் பொருள் செய்துகொண்டார்கள். உண்மையான காரணம் வேறு.

2004 டிசம்பர் 26-ந் தேதி காலை, நமது நேரப்படி 6 மணி 29 நிமிடத்துக்கு, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அப்பால் கடலடியில் பூகம்பம். அங்கே பூமியின் ஒரு தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக அழுந்திக்கொண்டிருந்தது. சேர்ந்த அழுத்தம் தாங்காமல் 1,200 கிலோ மீட்டருக்கு மேல் நீளத்துக்குக் கடலடி பிளந்து எழும்பியது. மேலே இருந்த கடல் நீர் மொத்தமும் தள்ளப்பட்டது. சுமார் இரண்டு மணி நேரத்தில் அலை தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8 ஆயிரம் பேர் மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் சாவு மிக அதிகம். ஒரு கல் சிலையின் பாரம் இந்தப் பூகம்பத்தின் முன் ஒரு தூசி.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பூகம்பம் எந்த நாளில் வரும் என்று இன்றும் சொல்ல முடியாது. ஆனால் பூகம்பம் நிகழ்ந்த பிறகு, அலை எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கணக்கிட முடியும். அந்த இரண்டு மணி நேரத்தில் எச்சரித்திருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள். அன்று எச்சரிக்க இந்தியாவில் ஏற்பாடு இல்லை. 2007-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் தொடங்கப்பட்டது.

"எல்லாம் விதி, முன்கூட்டி ஒன்றும் அறிய முடியாது" என்று கையைக் கட்டிக்கொண்டிருக்க இந்த விஞ்ஞானம் இடம் கொடுக்கவில்லை. அறிய முடிந்ததை அறிந்து, உயிரைக் காப்பாற்றிக்கொள் என்றுதான் அது சொல்கிறது.

ஐம்பது கம்ப்யூட்டர் வானிலைகள்

லாரன்சின் கண்டுபிடிப்பு வானிலை ஆராய்ச்சியை முடக்கிவிடவில்லை. புது வழி காட்டியது.

அளவில் பிழை இருக்கத்தான் செய்யும் என்று தெரிந்துவிட்டது. ஆகவே, விஞ்ஞானிகள் ஒரே கணக்கை ஒரு தடவை ஓட்டுவதோடு நிறுத்துவதில்லை. தொடக்க எண்களை வேண்டுமென்றே சிறிது சிறிது மாற்றிப் பல தடவை ஓட்டுகிறார்கள். 231, 232, 233 என்று தொடங்குவது போலத்தான். 1992-ம் ஆண்டு முதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது தினசரி வேலை ஆயிற்று. இன்று ஐரோப்பிய நிலையம் ஐம்பது விதமாக ஓட்டுகிறது. இந்தியாவிலும் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது.

ஐம்பதில் நாற்பத்தைந்து கணக்குகள் புயல் ஒரே இடத்தில் கரையைக் கடப்பதாகக் காட்டினால், துணிந்து சொல்லலாம். ஐம்பதும் ஐம்பது திசையில் போனால், "இப்போது உறுதியாகச் சொல்வதற்கில்லை" என்று அர்த்தம். தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் அளந்து சொல்ல வானிலைக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள்.

கட்டங்களும் சிறிதாகி வருகின்றன. கம்ப்யூட்டர், நாட்டைச் சதுரச் சதுரமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. 12 கிலோ மீட்டராக இருந்த சதுரம், 2025-ம் ஆண்டு மே மாதம் தொடங்கிய "பாரத் போர்காஸ்ட் சிஸ்டம்" என்ற முறையில் 6 கிலோ மீட்டர் ஆயிற்று. அரூருக்கு ஒரு கணக்கு, ஊத்தங்கரைக்கு ஒரு கணக்கு என்று தனித் தனியே பார்க்க இது உதவும். புயல் நடு வழியில் நின்றுவிடுவது போன்ற வேளைகளில் இந்த நுட்பம் பெரிதும் தேவை.

குடும்பத்துக்கும் விவசாயிக்கும்

இதையெல்லாம் தெரிந்துகொண்டு வீட்டில் என்ன செய்வது?

பத்து நாட்களுக்கு அப்பால் வரும் மழை பற்றிய செய்தியை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி அறுவடைக்கோ கல்யாணத்துக்கோ நாளை மாற்ற வேண்டாம். நான்கைந்து நாள் செய்தி ஓரளவு நம்பத் தக்கது. நாளைக்கு, மறுநாளைக்கு என்று வரும் செய்தி நன்றாகவே நம்பத் தக்கது. ஆகவே பழைய செய்தியைப் பிடித்துக்கொண்டிராமல் புதுச் செய்தியைப் பாருங்கள். மூன்று நாள் முன்பு சொன்னதை இன்று மாற்றிச் சொன்னால், அவர்கள் ஏமாற்றினார்கள் என்று எண்ண வேண்டாம். புது அளவு வந்திருக்கிறது, கணக்கு திருந்தியிருக்கிறது.

நிறத்தையும் கவனியுங்கள். பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே காரியத்தில் இறங்குங்கள். உங்கள் மாவட்டத்துக்கு என்ன நிறம் என்று பாருங்கள். கடலோர மாவட்டத்துக்குச் சிவப்பு என்றால் அதற்கு மேற்கே இருப்பவர்களும் விழித்திருப்பது நல்லது. புயல் கரையைக் கடந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைப்பது தவறு. பெஞ்சல் புயல் அதைக் காட்டிவிட்டது.

வேவித்த மஞ்சள் களத்தில் காய்கிறதா? மூடுவதற்குத் தார்ப்பாய் வாங்கி வையுங்கள். வயலில் வடிகால் அடைத்திருக்கிறதா? ஐப்பசி பிறக்கும் முன்பே தூர் எடுங்கள். ஆற்றங்கரையில், ஓடைக்கரையில் ஆடு மாடு கட்டியிருக்கிறதா? மேட்டுக்கு ஓட்டுங்கள். மழை வராமல் போனால் ஒரு நாள் வேலை வீண். வந்துவிட்டால் ஓராண்டு உழைப்பு மிச்சம்.

ஒரு சினிமாப் படம் பத்து முகங்களைக் காட்டி, கடினமான ஒரு விஞ்ஞானத்தின் பெயரைப் பட்டி தொட்டி எல்லாம் பரப்பியது. பெயரோடு நின்றுவிடாமல் பொருளையும் தெரிந்துகொண்டால், அந்தப் பட்டாம்பூச்சி அரூர் வயலுக்கும் பயன்படும்.